தீவுகள் நிறைந்த பெரிய ஏரியைக் கேனூவில் கடக்க: புதியவர்களுக்கான திட்டமிடல்

பெரிய ஏரியைக் கேனூவில் (துடுப்பால் செலுத்தும், மேலே திறந்த, நீளமான சிறுபடகு) கடக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, மொத்தத் தூரத்தை நாளால் வகுப்பது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு 60 கிலோமீட்டர். நாளுக்கு 20 போனால் மூன்று நாள். நான்காம் நாள் வேலைக்குத் திரும்பிவிடலாம். நடைபயணத்துக்கு ஓரளவு பொருந்தும் இந்தக் கணக்கு, ஏரியில் முதல் மதியமே உடைந்துவிடலாம். அங்கே ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. காற்று ஏறிய பிறகும், நான்காம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று துடுப்பை எடுப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

ஆகவே திட்டம் போடும்போது, வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு திறந்த நீர்ப்பரப்பையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே காற்று எழுந்தால் எங்கே ஒதுங்குவேன், எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? எல்லா இடத்துக்கும் விடை எழுதிவிட்டால் திட்டத்தின் பெரும்பகுதி முடிந்தது. துடுப்பு, கூடாரம், அடுப்பு எல்லாம் அப்புறம்.

ஏரியும் பருவமும்

காட்டுக்குள் தீவுகள் மண்டிக் கிடக்கும் ஏரிகள் உலகின் வடபகுதியில்தான் அதிகம். பனியுகத்தில் பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன நிலம் அது. கனடா, அமெரிக்க எல்லையில் உள்ள லேக் ஆஃப் தி வுட்ஸில் 14,000க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. பின்லாந்தின் வடகோடியில் உள்ள இனாரி ஏரியில் 3,000க்கும் மேல். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரு ஏரியைப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். லேக் ஆஃப் தி வுட்ஸின் வடபகுதியில் தீவுகளுக்கு நடுவே சந்து சந்தாக நீர் ஓடும்; தெற்கே உள்ள பிக் டிராவர்ஸ் விரிகுடாவிலோ ஒதுங்க இடமே இல்லாத பெரிய திறந்தவெளி. ஒரே ஏரிக்கு இரண்டு குணம். நீங்கள் போகும் வழியில் தீவுகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

முதல் பயணத்துக்கு, நடுவில் எங்கும் பெரிய திறந்தவெளியைத் தாண்டாமலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகக்கூடிய ஏரியாகத் தேர்ந்தெடுங்கள். வழியில் இரண்டு மூன்று இடங்களிலாவது சாலையோ, குடியிருப்போ, விசைப்படகு நடமாட்டமோ இருந்தால் இன்னும் நல்லது. இடையில் பயணத்தை நிறுத்திக்கொள்ள வழி இருப்பவர்கள் நிதானமாக முடிவெடுப்பார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, வட ஏரிகளுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை புதியவர்களுக்கு ஏற்ற காலம். இனாரியில் சில ஆண்டுகள் ஜூன் மாதத்தில்கூடப் பனிக்கட்டி மிதக்கும். பனி உருகிய பிறகும் பல வாரங்களுக்கு நீர் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் குளிராக இருக்கும். மேலே வெயில் காய்வதைப் பார்த்து அதை மறந்துவிடுவோம். கொசுவும் கடிக்கும் கரும் ஈக்களும் பல இடங்களில் உச்சத்தில் இருப்பதும் ஜூனில்தான். செப்டம்பரில் பூச்சித் தொல்லை தீரும். ஆனால் காற்று வலுக்கும், பகல் சுருங்கும்.

வரைபடத்தில் காற்றைப் படிப்பது

1:50,000 அளவுள்ள நிலவரைபடம் வாங்குங்கள். அதில் 2 சென்டிமீட்டர் என்பது ஏரியில் 1 கிலோமீட்டர். 1:2,50,000 வரைபடம் முழு ஏரியையும் ஒரே தாளில் காட்டும் என்பதால் வசதியாகத் தோன்றும், ஆனால் நீங்கள் ஒதுங்க நம்பியிருக்கும் சின்னத் தீவுகள் அதில் இருக்காது. 1:2,50,000 வரைபடத்தை ஒட்டுமொத்தப் பார்வைக்கும், 1:50,000 வரைபடத்தைத் துடுப்புப் போடும்போதும் வைத்துக்கொள்ளலாம். அணைகளால் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படும் ஏரி என்றால் இன்னொன்று: மட்டம் இறங்கிய ஆண்டில் வரைபடத்துத் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், நீங்கள் நுழைய நினைத்த சந்து மணல்திட்டாகக் கிடக்கும்.

இப்போது அந்தப் பகுதியில் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து காற்று வீசும் என்று தெரிந்துகொண்டு, வரைபடத்தின் மேல் பென்சிலால் அம்புக்குறிகள் போடுங்கள். அலையின் உயரத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரமாக வீசுகிறது, தடையில்லாமல் நீரின் மேல் எவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது. புதியவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த மூன்றாவதை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று 1 கிலோமீட்டர் அகலமுள்ள சந்தில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அலையைத்தான் கிளப்பும். அதே காற்று 20 கிலோமீட்டர் திறந்தவெளியில் ஓடி வந்தால் அலை அரை மீட்டரைத் தாண்டிவிடும். சுமை ஏற்றிய கேனூவின் நடுவிளிம்பு நீருக்கு மேல் ஒரு சாண் உயரம்தான் இருக்கும். ஒரு தீவின் முனையைச் சுற்றி வந்ததும் அலை திடீரென்று ஏன் இரண்டு மடங்காகிறது என்பதற்கு விடை இதுதான். முனைக்கு இந்தப் பக்கம் தீவு காற்றை மறைத்தது. அந்தப் பக்கம் காற்றுக்கு முழு ஏரியும் கிடைத்துவிட்டது.

ஆழமும் பார்க்க வேண்டும். ஆழமற்ற பரப்பில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். வின்னிபெக் ஏரி 24,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடந்தாலும் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். சின்னப் படகுகளுக்கு அது கடினமான ஏரி என்று பெயரெடுத்ததற்கு இதுவும் காரணம். செங்குத்தான பாறைக்கரை இருந்தால் அங்கே மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு சேர்ந்து நீரைக் குழப்பும். அப்படிப்பட்ட கரையை ஒட்டிப் போவது பாதுகாப்பு இல்லை, சற்று விலகிப் போவதே நல்லது.

தீவிலிருந்து தீவுக்கு

பாதை வரையும்போது மொத்தக் கோட்டைப் போடாதீர்கள். ஒரு தீவின் காற்று மறைவிலிருந்து அடுத்த தீவின் காற்று மறைவுவரை என்று துண்டு துண்டாகப் போடுங்கள். ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் அதன் நீளத்தையும் கடக்க ஆகும் நேரத்தையும் எழுதுங்கள். சுமையோடு இருவர் துடுப்புப் போட்டால் அமைதியான நீரில் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போகலாம். அப்படியென்றால் 1 கிலோமீட்டர் இடைவெளிக்கு 12 முதல் 15 நிமிடம். எதிர்காற்று என்றால் இரண்டு மடங்கு ஆகலாம்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் எல்லை இது: திறந்த இடைவெளி எதுவும் 1 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வேறு வழியே இல்லாமல் 2 கிலோமீட்டர் ஒன்று வந்தால், அதிகாலை அமைதியில் மட்டும், முந்தைய இரவே அதன் வாசலில் முகாமிட்டு, கண் விழித்ததும் கடந்துவிட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கரையைச் சுற்றிப் போங்கள். ஒரு விரிகுடாவின் வாயை 2 கிலோமீட்டரில் வெட்டிக் கடப்பதற்குப் பதில் உள்கரையோடு 7 கிலோமீட்டர் போனால் கூடுதலாக ஆவது ஒரு மணி நேரம்தான். ஒரு மணி நேரத்துக்காக நட்ட நடு ஏரியில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று குறிப்புகள் வேண்டும்: எங்கே நின்று நிலைமையைப் பார்த்து முடிவெடுப்பது, பாதி வழியில் காற்று எழுந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, கடக்க முடியாவிட்டால் எங்கே இரவு தங்குவது. இரண்டாவது குறிப்பு பெரும்பாலும் நீங்கள் போக நினைத்த திசையில் இருக்காது. காற்று தள்ளும் திசையில் ஒரு தீவோ கரையோ இருக்கும் துண்டைத் தேர்ந்தெடுங்கள். தள்ளிக்கொண்டுபோய் அகன்ற ஏரியில் விடும் துண்டைத் தவிர்த்துவிடுங்கள்.

நாள்களும் நேரமும்

நிலையான கோடைகால வானிலையில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. விடியலில் நீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், வெயில் ஏற ஏறக் காற்று எழும், மதியம் வலுக்கும், மாலையில் தணியும். அதனால் நான்கரை, ஐந்து மணிக்கே கிளம்பி, பதினொரு மணிக்குள் அன்றைய திறந்த இடைவெளிகளை எல்லாம் முடித்துவிடப் பாருங்கள். மதியத்தை ஓய்வுக்கோ காற்று மறைவான சந்துகளுக்கோ ஒதுக்குங்கள். மாலையில் காற்று தணிந்ததும் பெரிய இடைவெளி ஒன்றைக் கடந்துவிடலாம் என்று தோன்றும். இருட்டு நெருங்கும் நேரத்தில் தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது என்பதால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வானிலை மாற்றம் வரும்போது இந்த ஒழுங்கு செல்லாது. இரவு முழுக்கக் காற்று தணியாமல் இருந்தாலே ஏதோ வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பைப் படிக்கும்போது அளவைக் கவனியுங்கள்: நீர்வழி வானிலை அறிக்கைகள் காற்றின் வேகத்தை "நாட்" (knot) என்ற அலகில் சொல்லும். 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். "15 நாட்" என்று படித்துவிட்டு லேசான காற்று என்று நினைத்தவர் மணிக்கு 28 கிலோமீட்டர் காற்றில் போய் நிற்பார். முன்னறிவிப்பு கையில் இல்லாதபோது நீரையே பாருங்கள். ஆங்காங்கே அலைத்தலையில் வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டருக்குள். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை என்றால் 20ஐத் தாண்டிவிட்டது. புதியவர்கள் திறந்தவெளிக்குப் போகாமல் இருக்க வேண்டிய கோடு அந்த முதல் நுரைதான்.

இடி கேட்டால் உடனே கரை ஏறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மீண்டும் நீரில் இறங்க வேண்டும்.

இனி நாள் கணக்கு. நாளுக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்து, வரும் நாள்களில் மூன்றுக்கு ஒன்றாவது காற்றுக்காகச் சும்மா உட்காரும் நாள் என்று சேர்த்துவிடுங்கள். 60 கிலோமீட்டருக்கு நான்கு நாள், அதோடு இரண்டு நாள், ஆக ஆறு. அதற்குமேல் இரண்டு நாள் உணவு. திரும்பும் பயணச்சீட்டு, வேலை, உறவினர் விசேஷம் எதையும் ஏழாம் நாளில் வைக்காதீர்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தவர்கள் ஏரியில் எடுக்கும் மற்ற முடிவுகள் எல்லாம் தானாகவே நன்றாக அமைவதைப் பார்த்திருக்கிறேன். காத்திருக்க நாள் இருந்தால் யாரும் அலையோடு மல்லுக்கு நிற்பதில்லை.

குளிர்நீர்

நீர் உடலின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். குளிர்நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சொல்லித் தந்திருக்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அப்போது வாய்க்குள் நீர் போகாமல் தலையை மேலே வைத்து மூச்சைச் சீராக்குவதைத் தவிர வேறு எதையும் முயலக் கூடாது. அடுத்த 10 நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு, உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் போடாதவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு வரவே மாட்டார். கைகால் தளர்ந்ததும் மூழ்கிவிடுவார்.

இதை மேலே சொன்ன தூரக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 1 கிலோமீட்டர் இடைவெளியின் நடுவில் கவிழ்ந்தால் அருகிலுள்ள கரை 500 மீட்டர். குளிர்நீரில், உடுப்போடு, 10 நிமிடத்தில் அவ்வளவு தூரம் நீந்திவிடலாம் என்று நம்பித் திட்டம் போட முடியாது. என் எல்லை 1 கிலோமீட்டரில் நிற்பதற்கு இதுதான் காரணம்; அதுவே தாராளமான எல்லை. லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைப்பது வீண், நீரில் இருக்கும் நேரம் முழுக்க அது உடலில் பூட்டியிருக்க வேண்டும். விசில், தீ மூட்டும் பொருள், அவசர சமிக்ஞைக் கருவி மூன்றும் உங்கள் சட்டைப்பையிலோ ஜாக்கெட்டிலோ இருக்கட்டும். பையில் இருந்தால் பையோடு மிதந்து போய்விடும்.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். தலையைவிடப் படகு தூரத்திலிருந்து தெரியும், அது மிதக்கவும் செய்யும். தனி ஒரு கேனூவாகப் போவதைவிட இரண்டாகப் போவது எவ்வளவோ மேல்: கவிழ்ந்த கேனூவை மற்றொன்றின் குறுக்கே இழுத்துப் போட்டு நீரை வடித்து, நிமிர்த்தி, ஆளை ஏற்றிவிடலாம். இதைக் கோடை நாளில், வெதுவெதுப்பான நீரில், கரையோரம் வேண்டுமென்றே கவிழ்ந்து பழகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். படித்துத் தெரிந்துகொண்டது அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு வராது.

படகும் சுமையும்

இருவருக்கு 17 அடி நீளக் கேனூ, அல்லது அதைவிடச் சற்று நீளமானது. மேலே பூட்டும் நீர்த்தடுப்புத் துணி கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், அலை உள்ளே கொட்டாமல் காக்கும். உதிரித் துடுப்பு ஒன்று. கனடாவில் கேனூவில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், விசில் ஆகியவை சட்டப்படியே கட்டாயம். வேறு நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியலைப் பின்பற்றலாம்.

கனமானவை அடியில், நடுவில். எதிர்காற்றில் முன்பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் படகு நேராக நிற்கும். பின்காற்றில் பின்பக்கம் சற்றுக் கனமாக இருக்கட்டும். இதற்காகவே கையால் நகர்த்தக்கூடிய ஒரு பையை வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தவறாமல்

தீவுக்கூட்டத்தில் வழி கண்டுபிடிப்பது பலர் நினைப்பதைவிடக் கடினம். கேனூவில் உட்கார்ந்தால் கண் நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஒரு மீட்டர் உயரத்தில் அடிவானமே 3.6 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அங்கிருந்து பார்க்கும்போது முன்னும் பின்னும் நிற்கும் ஐந்து தீவுகள் ஒரே மரக்கோடாகத் தெரியும். வரைபடத்தில் அகலமாக இருக்கும் சந்து, அதன் வாயருகே போகும்வரை கண்ணுக்கே தெரியாது.

வரைபடத்தை நீர்புகாத உறையில் போட்டு முன்னால் கட்டிவிடுங்கள், போகும் திசை மேலே வரும்படி திருப்பி வையுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, ஒவ்வொரு தீவையும் தாண்டும்போது விரலை நகர்த்துங்கள், நேரத்தையும் குறித்துவையுங்கள். 20 நிமிடத்தில் வர வேண்டிய முனை 40 நிமிடமாகியும் வரவில்லை என்றால் நின்றுவிடுங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, கண்ணெதிரே உள்ள தீவை வரைபடத்தில் பிடித்த தீவோடு வலிந்து பொருத்திக்கொள்வது. "அநேகமாக இதுதான்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள் என்றால் வழி தப்பிவிட்டது என்று வைத்துக்கொண்டு, உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்புவது நல்லது.

திசைகாட்டியின் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல. வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். 10 பாகை வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் 5 கிலோமீட்டர் போனால் ஏறத்தாழ 870 மீட்டர் விலகிப் போயிருப்பீர்கள். தீவுகளுக்கு நடுவே அது வேறொரு சந்து. உங்கள் பகுதிக்கான வித்தியாசத்தை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். ஜிபிஎஸ் கட்டாயம் கொண்டுபோகலாம், சந்தேகம் தீர்க்க அது அருமையான கருவி. ஆனால் மின்கலம் தீர்ந்த பிறகும் வெளியே வரத் தெரிய வேண்டும்.

அலையில் மாட்டினால்

முழங்காலிட்டு உட்காருங்கள், உடலின் கனம் கீழே இறங்கும். எதிர்வரும் அலையை நேராக முட்டாமல் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். துடுப்பை நிறுத்தாதீர்கள், ஓடும் படகுதான் நிலையாக நிற்கும். பின்னாலிருந்து வரும் அலை எதிர் அலையைவிட ஆபத்தானது. அது படகைத் தூக்கி ஓடவிட்டு, சட்டென்று பக்கவாட்டில் திருப்பிவிடும். அலைக்கு நடுவே முழுதாகத் திரும்புவதும் அதே மாதிரிதான், ஒரு கணம் படகு முழு விலாவையும் அலைக்குக் காட்டும். அதனால் திரும்பும் முடிவைக் காற்று மறைவை விட்டு வெளியே வந்த முதல் சில நிமிடங்களிலேயே எடுத்துவிடுங்கள்.

இரவு தங்குமிடம்

காற்று படும் மேட்டில் கொசு குறையும். படகை மட்டும் காற்று மறைவான பக்கத்தில் ஏற்றுங்கள், நாளை காலை அங்கிருந்துதான் கிளம்பியாக வேண்டும். கேனூவை நன்றாக மேலே இழுத்து, கவிழ்த்து, மரத்தில் கட்டுங்கள். காலியான கேனூவை இரவுக் காற்று சாதாரணமாகத் தூக்கிப்போய்விடும், தீவில் அது இல்லாமல் எங்கும் போக முடியாது. கூடாரத்துக்கு மேலே பட்டமரமோ முறிந்து தொங்கும் கிளையோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

தீவு என்பதால் கரடி வராது என்று எண்ண வேண்டாம், கரடி நன்றாக நீந்தும். உணவை மூடிபோட்ட பீப்பாயில் வைத்துக் கூடாரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள், அல்லது உயரத்தில் தொங்கவிடுங்கள். ஏரிநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். முகாமிட அனுமதி, தீ மூட்டத் தடை, மீன்பிடி உரிமம் ஆகியவற்றைக் கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள். கனடாவின் பல ஏரிகளில் பழங்குடி மக்களின் பழைய பாறை ஓவியங்கள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். அவை அந்த மக்களுக்கு இன்றும் புனிதமானவை. விலகி நின்று பாருங்கள், தொட வேண்டாம்.

சொல்லிவிட்டுப் போங்கள்

பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டியவை: பாதை வரைந்த வரைபடத்தின் நகல், முகாமிட வாய்ப்புள்ள தீவுகள், ஆள்களின் பெயர், கேனூவின் நிறம், கூடாரத்தின் நிறம், எந்த நாளில் வெளியே வருவீர்கள், எந்த நாள் எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும். காற்றுக்காக ஒதுக்கிய நாள்களையும் சேர்த்தே அந்தக் கடைசி நேரத்தைக் குறியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், நீங்கள் ஒரு தீவில் நிம்மதியாகத் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது தேடுதல் தொடங்கிவிடும். அல்லது தேடுதலுக்குப் பயந்து அலையில் இறங்குவீர்கள்.

கைப்பேசிக்குச் சமிக்ஞை இருக்காது. செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் குறுஞ்செய்தி போகும் கருவி இருந்தால் தாமதத்தைச் சொல்லலாம், வானிலையும் கேட்கலாம். செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு அபாயச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவிக்கு மாதக் கட்டணம் இல்லை, ஆனால் அதைக் கிளம்புமுன் உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். அது உயிராபத்துக்கு மட்டுமே. வெறுமனே காற்றில் தங்கிவிட்டதற்கு அதை அழுத்தக் கூடாது.

மறுகரை சேர்ந்து, சமிக்ஞை கிடைத்ததும் முதல் வேலையாக அந்த நபரை அழைத்து, எல்லோரும் வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். படகை வண்டியில் ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.